தொழில்: பொறுக்கி

என் கணவரின் அண்ணன் மனைவியைத் தெருவில் கொக்கு என்றுதான் சொல்வார்கள். காலையில் ஏரிக்கரைப் பக்கம் போனவர்களுக்குக் காரணம் விளங்கும். முழங்கால் தண்ணீரில் ஒரு காலை ஊன்றி, மறு காலைத் தூக்கி, எங்கே வைக்கலாம் என்று யோசித்தபடி கழுத்தை நீட்டிக் குனிந்து நிற்பாள். என்ன தேடுகிறாய் என்று கேட்டால் பதில் வராது. கொக்கும் பதில் சொல்வதில்லை.

எனக்கு அவள் ஓரகத்தி. நான் கூப்பிடுவது அக்கா என்று. ஒரே வீட்டை நடுவில் பலகைச் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டு இரண்டு குடும்பமாக இருக்கிறோம். அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் இந்தப் பக்கம் திரைச்சீலை ஆடும். ஆகவே இங்கே எழுதுவதில் பாதி கண்ணால் பார்த்தது, மீதி சுவர் வழியாக வந்தது.

அக்கா பதினோரு வருடம் பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்தாள். ஓடுகிற பட்டையின் ஓரத்தில் நின்று, உடைந்த பிஸ்கட்டைப் பொறுக்கி ஒரு தொட்டியில் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அங்கே அதைப் பொறுக்குவது என்று யாரும் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் 'தரம் பிரிப்பு உதவியாளர்' என்று இருந்தது. பிறகு உடைந்ததைக் கண்டுபிடிக்கக் கண் வைத்த இயந்திரம் ஒன்று வந்தது. அதற்குக் கால் வலிக்காது, மூத்திரம் வராது. அக்காவுக்கு ஒரு டப்பா பிஸ்கட்டும் ஒரு நன்றிக் கடிதமும் கொடுத்து அனுப்பினார்கள். டப்பாவில் பாதி உடைந்திருந்தது. பழக்க தோஷத்தில் அன்று ராத்திரி முழுக்க அதைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

வேலை போன மறுவாரம் ஏரிக்கு இறங்கினாள். யாரும் கற்றுத்தரவில்லை. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று தானே தின்று பார்த்தாள். படித்தவர்கள் இதற்குச் சோதனை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அக்கா வைத்த பெயர் வாந்தி. இரண்டு முறை எடுத்தாள். மூன்றாவது முறைக்கு அவசியம் வரவில்லை. நீர்க்கீரையில் எந்தத் தண்டு முற்றியது, மரத்தடிக் காளானில் எதன் அடிப்பக்கம் நிறம் மாறினால் விட்டுவிட வேண்டும், முள்செடியின் கறுப்புப் பழத்தை எந்த வாரம் தொடலாம் என்று எல்லாம் பிடிபட்டுவிட்டது. ஒரு கொத்தில் பாதிக்கு மேல் அறுக்க மாட்டாள். காளானைப் பிடுங்க மாட்டாள், கத்தியால் நறுக்குவாள். கீரைக்கு ஈரத்துணிப் பை, காளானுக்கு ஓட்டை போட்ட தகர டப்பா. கொண்டுவருவதில் பெரும்பங்கு சந்தைத் தெருச் சாப்பாட்டுக் கடைக்குப் போகும். மிச்சம் எங்கள் இரண்டு அடுப்புக்கும் வரும். அந்தக் கடைதான் அவர்கள் வீட்டு வாடகை, பெண்ணின் கல்லூரி, எல்லாம்.

ஏனென்றால் அவள் வீட்டுக்காரரின் சம்பாத்தியம் பெரும்பாலும் புகழாகத்தான் வந்துகொண்டிருந்தது. அவர் பெயர்ப்பலகைக் கடையில் எழுத்து அடுக்குகிறார். வாடிக்கையாளர் எழுதிக் கொடுப்பதில் பிழை திருத்துவது அவர் பொழுதுபோக்கு. கடை முதலாளிக்கு இதில் சம்மதம் இல்லை. 'முடித் திருத்தகம்' என்று எழுதி வந்தவரிடம் நடுவில் ஒற்று வருமா வராதா என்று அரைமணி நேரம் விளக்கியதில், வந்தவர் எதிர்க்கடைக்குப் போய்ப் பலகை அடித்துக்கொண்டார். வீட்டில் நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். அவரும் அதை நம்பினார்.

இந்த நிலையில் ஏரிக்கு வேலி வந்தது.

மேட்டுத் தெருவில் நடைப்பயிற்சிச் சங்கம் என்று ஒன்று உண்டு. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. தினமும் வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு ஏரியைச் சுற்றி மூன்று முறை நடப்பார். நடக்கிறவர் கண்ணுக்குக் கரையில் குனிந்து நிற்கிற பொம்பளை உறுத்தியிருக்கிறாள். பறவைகளுக்கு இடைஞ்சல் என்று மனு கொடுத்தார். பறவைகளிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை. ஏரிப் பராமரிப்பு அலுவலகம் உடனே வேலி போட்டு, வாசல் வைத்து, காவலாளியை உட்கார வைத்து, அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் நுழையக்கூடாது என்று சொல்லிவிட்டது.

வாசலுக்கு ஒரு பலகை வேண்டுமே. அந்த வேலை பெரியவரின் கடைக்கு வந்தது. பெண்டாட்டியை உள்ளே விடாதே என்கிற பலகையை அடுக்குகிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்! அவருக்கு அதில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை. வேறு வருத்தம் இருந்தது.

"வாசகத்தைப் பாரு," என்று அன்று சாயங்காலம் அக்காவிடம் காகிதத்தை நீட்டினார். "'பறவைகள் இறை தேடும் பகுதி.' வல்லின றகரம் போட்டிருக்கான். இரைன்னா தீனி. இறைன்னா கடவுள். எதைத் தேடுதுன்னு ஆபீசுக்கே போய்க் கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒப்புதல் ஆன வாசகத்துல கை வைக்கக் கூடாதாம். அப்படியே பக்தியோட அடிச்சுக் குடுத்துட்டேன்."

"அதான் கொக்கெல்லாம் ஒத்தக் கால்ல தவம் நிக்குதா?" என்றாள் அக்கா.

சிரித்தாளே தவிர, மறுநாள் காலை வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தபோது முகம் செத்துப்போய்த் திரும்பி வந்தாள். பை மடித்தது மடித்தபடி இருந்தது. சாப்பாட்டுக் கடைச் சமையல்காரர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்கள் கெடு வைக்கும்போதும் மரியாதையாக வைப்பார்கள்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேம்மா. அதுக்கு மேலன்னா குளிர்பதனக் கிடங்குலேர்ந்து வாங்கிக்க வேண்டியதுதான். கிடங்குக்காரன் ஒரு வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கேக்குறான்."

மாசக் கடைசிக்கு இருபத்து மூன்று நாள் இருந்தது. அதற்குள் சீட்டு கிடைத்தால் பிழைப்பு உண்டு. இல்லையென்றால் ஏரியை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்துக் காற்று வாங்கலாம்.

சீட்டுக்கான விண்ணப்பத்தில் 'தொழில் அல்லது நோக்கம்' என்று ஒரு இடம். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய ஆராய்ச்சி நடந்தது.

"உன் வேலைக்கு என்ன பேரு போடுறது?" என்றார் பெரியவர்.

"பொறுக்குறதுன்னு போடுங்க."

"அப்படிப் போட முடியாது. பொறுக்குறவனுக்குப் பேரு பொறுக்கி. பொறுக்கின்னா என்ன அர்த்தம் தெரியும்ல?"

"பொறுக்குறவன்."

"ரவுடி!"

"கீழ கெடக்குறத எடுத்தா எப்படிங்க ரவுடி ஆவான்? நிக்கிறவன் கையில இருக்குறத அடிச்சுப் புடுங்குறவன்தானே ரவுடி?"

"மொதல்ல அந்தச் சொல்லுக்கு நல்ல அர்த்தம்தான். எடுத்துத் தின்னவன் தெருவுல சுத்தினான். அப்புறம் தெருவுல சுத்துறவன் எல்லாம் பொறுக்கின்னு ஆச்சு. அப்புறம் சுத்துறவன் செய்யிற சேட்டையெல்லாம் அந்தச் சொல்லு தலையில ஏறிடுச்சு."

"ஆக, திங்க இல்லாதவன் மேலதான் பழி விழுந்துச்சு."

"மொழி அப்படித்தான் வளரும்," என்றார் பெரியவர், அந்த வளர்ச்சிக்குத் தானே பொறுப்பு என்பது போல.

"சரி, இரை தேடுறவன்னு போடுங்க. பறவைக்குப் போட்டாங்கள்ல?"

"இரை மிருகத்துக்கும் பறவைக்கும். மனுசனுக்கு ஆகாது."

"அப்ப போன வாரம் டாக்டருக்குப் பலகை அடிச்சீங்களே, இரைப்பை நோய்னு, அது எந்த மிருகத்தோடது?"

"அது மருத்துவம்," என்று மட்டும் வந்தது.

"மேய்ச்சல்?"

"மாட்டுக்கு. பொம்பளைக்குச் சொன்னா அசிங்கம்."

ஒரே காரியம்தான். மாடு செய்தால் மேய்ச்சல், கொக்கு செய்தால் இரை தேடல், ஆராய்ச்சி மாணவர் செய்தால் மாதிரி சேகரிப்பு. பிஸ்கட் கம்பெனியில் சம்பளத்துக்குச் செய்தால் தரம் பிரிப்பு. அக்கா செய்தால் மட்டும் தமிழில் வார்த்தை இல்லை, அல்லது இருக்கிற வார்த்தை வாயில் வரக்கூடாத வார்த்தை.

கடைசியில் பெரியவர் அந்த இடத்தை வெறுமையாக விட்டு, கூடவே ஒரு மனு எழுதி இணைத்தார். எனக்கும் வாசித்துக் காட்டினார். அதில் ஒரு வரி: 'ஏரிக்கு வேலி அமைத்த நாள் முதல் என் மனைவியால் பொறுக்க முடியவில்லை.' கேட்கும்போதே எனக்கு என்னமோ இடித்தது. ஆனால் ஏழாம் வகுப்போடு நின்றவள் பெரியவரின் தமிழில் குறை சொல்வதா என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த வாய் அன்று திறந்திருக்கலாம்.

பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. அனுமதிப் பிரிவிலிருந்து இல்லை, குறைதீர்ப்புப் பிரிவிலிருந்து. 'வேலியைத் தங்கள் மனைவியால் பொறுக்க முடியாத நிலை குறித்து வருந்துகிறோம். பொதுநலன் கருதி, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

அக்கா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். "நான் கீரை பொறுக்க முடியலன்னு எழுதச் சொன்னேன். அவன் என்னைப் பொறுத்துக்கச் சொல்றான்."

"ரெண்டுக்கும் ஒரே சொல்லு," என்றார் பெரியவர். "பொறு, பொறுக்க. பொறுக்கு, அதுவும் பொறுக்க. படிக்கிறவன் இடம் பாத்துப் படிக்கணும்."

"எழுதுறவன் பாக்க வேண்டாமா?"

"என் வாக்கியத்துல பிழை இல்ல."

"பிழை இல்லாம எழுதிப் பன்னெண்டு நாளு போச்சு. பிழையோட எழுதியிருந்தா இந்நேரம் உள்ள போயிருப்பேன்."

அதற்குப் பிறகு அக்கா அவரோடு பேசவில்லை. எதிர்ப்பேச்சு இல்லாத வீட்டில் பெரியவருக்கு நாலே நாளில் ஞானோதயம் வந்தது. ஒரு துண்டுச் சீட்டில் அழகாக எழுதி என்னிடம் கொடுத்தார். 'பொறுக்கி எடுப்பவர்.'

"பொறுக்கி எடுத்த கட்டுரைகள்னு புத்தகத்துல போடுவான் பாத்திருக்கியா? பொறுக்கி எடுத்த முத்துன்னு சொல்றது இல்ல? நல்லதா பாத்துத் தேர்ந்து எடுக்குறதுன்னு அர்த்தம். பின்னாடி 'எடுப்பவர்' வந்துட்டா முன்னாடி இருக்குறதுக்கு மரியாதை வந்துடும். நீயும் கூடப் போ. அவ கோவத்துல எதாவது உளறிடுவா."

மறுநாள் இரண்டு பேரும் அலுவலகத்துக்குப் போனோம். நீளமான அறை. சுவரில் பறவைப் படங்கள். எல்லாப் பறவையும் வாயில் எதையோ கவ்விக்கொண்டிருந்தது. கணினிக்குப் பின்னால் ஓர் எழுத்தர் அம்மா. ஒரு கண் எங்கள் மேல், ஒரு கண் தன் தேநீர் மேல்.

"என்ன நோக்கம்? நடைப்பயிற்சி, ஆய்வு, புகைப்படம், மற்றவை. எதுல வர்றீங்க?"

"மற்றவைங்க," என்றாள் அக்கா.

"மற்றவைன்னா என்னன்னு சொல்லணும்."

"பொறுக்குறேங்க."

"பொறுங்க, பொறுங்க, எல்லாருக்கும் அவசரம்தான்."

"இல்லம்மா, அதான் என் வேலை."

எழுத்தர் அம்மா முதல் முறையாக இரண்டு கண்ணையும் எங்கள் மேல் வைத்தார். நான் துண்டுச் சீட்டை நீட்டினேன். பேசும் தைரியம்தான் இல்லையே தவிர, நீட்டும் தைரியம் எனக்கு உண்டு. அவர் படித்தார். "நல்லாத்தான் இருக்கு," என்று தட்டினார். இயந்திரம் உறுமியது. அட்டை வெளியே வந்து விழுந்தது. அதை எடுத்துப் பார்த்த அம்மாவின் முகம் தேநீரில் ஈ விழுந்த மாதிரி ஆயிற்று.

அக்காவின் படம், பெயர், முகவரி எல்லாம் சரியாக இருந்தன. அதன் கீழே: 'தொழில்: பொறுக்கி.'

"ஐயையோ. இந்தக் கட்டம் ஒரு வார்த்தைதான் எடுக்கும் போலிருக்கு. நடுவுல இடம் விட்டா அதுக்கு மேல வெட்டிடுது. நடைப்பயிற்சி ஒரே வார்த்தை, ஆய்வு ஒரே வார்த்தை... இதுவரைக்கும் யாரும் மற்றவைல வந்ததே இல்லம்மா."

பெரியவர் மரியாதை முழுவதையும் இரண்டாவது வார்த்தையில் வைத்திருந்தார். இயந்திரம் அதைத்தான் வெட்டிவிட்டது.

"மாத்தித் தர்றேன்," என்றார் எழுத்தர் அம்மா. பாவம், அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "அட்டையை ஒப்படைச்சுட்டுத் திருத்த மனு குடுங்க. மேலிடத்துக்குப் போய் வரணும். நாப்பத்தஞ்சு நாள் ஆகும்."

மாசக் கடைசிக்கு ஆறு நாள் இருந்தது. அக்கா அட்டையைக் கையில் வாங்கி, காளானைப் பார்ப்பது போல முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இதைக் காட்டினா உள்ள விடுவாங்களா?"

"விடுவாங்க. முத்திரை சரியா இருக்கு. ஆனா..."

"அப்ப இதே இருக்கட்டும்மா."

"அசிங்கமா இருக்காதா?"

"பதினோரு வருசம் தரம் பிரிப்பு உதவியாளர்னு கழுத்துல மாட்டியிருந்தேன். ஒரு நாள் சாப்பாட்டுக்கு உதவல."

வீட்டில் பெரியவர் குதித்தார். "என் பொண்டாட்டி பொறுக்கியா? நாளைக்கு நான் எப்படித் தெருவுல நடப்பேன்? குடு, மேல ஒரு சின்ன ஸ்டிக்கர் அடிச்சு ஒட்டித் தர்றேன்."

"ஒட்டுனா செல்லாதாம்."

"மானம்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும். அதைச் சாப்பாட்டுக் கடைக்காரர் கிலோ என்ன கணக்குக்கு எடுக்குறாருன்னு கேட்டுச் சொல்லுங்க."

கல்லூரியிலிருந்து வந்த மகள் அட்டையை வாங்கிப் பார்த்தாள். அப்பா ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். தெருவில் நன்றாகத்தான் நடந்தார்.

மறுநாள் அதிகாலை நானும் வாசல் வரை போனேன். காவலாளி முன்னாள் பள்ளிக்கூடக் காவலாளி. எதையும் சத்தமாக வாசித்து, வாசித்ததைப் பதிவேட்டில் எழுதுகிறவர். அட்டையை வாங்கினார். "பெயர்..." வாசித்தார். "முகவரி..." வாசித்தார். "தொழில்..." நின்றார். அக்காவைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"எழுதுங்க அண்ணே, முத்திரை இருக்குல்ல," என்றாள் அக்கா.

அவர் எழுதினார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

மூன்று வாரம் யார் கையும் படாத கரை. கீரை இடுப்பு உயரத்துக்கு முற்றி வளர்ந்து ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருந்தது. காளான் பாதி அழுகிக் கிடந்தது. பறவைகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் காப்பாற்றிய கரையில், கொக்குக்கு இறங்க இடம் இல்லை. அக்கா முதல் இரண்டு நாள் முற்றியதை அறுத்துத் தள்ளி வழி பண்ணினாள். மூன்றாம் நாள் துணிப்பை நிறைந்தது. சமையல்காரர் குளிர்பதனக் கிடங்குக்காரனிடம் "அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னாராம். மாசக் கடைசிக்கு மூன்று நாள் மீதி இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

கறுப்புப் பழம் பழுத்தது. வேலி போட்டதால் ஆடு நுழையவில்லை, தெருப் பிள்ளைகள் நுழையவில்லை. முள்செடி கொள்ளாமல் பழுத்துத் தொங்கியது. சங்கத் தலைவருக்கு இரண்டாவது சுற்று முடியும்போது நாக்கில் ஊறியிருக்க வேண்டும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெள்ளைச் சப்பாத்தைச் சேற்றில் வைத்துக் குனிந்தார். அக்கா பத்தடி தள்ளி டப்பாவோடு நின்றாள். வாசலிலிருந்து காவலாளிதான் ஓடி வந்தார்.

"சார், சார், பறிக்கக் கூடாது."

"ரெண்டு பழம்தான்யா. அதோ அந்தம்மா டப்பா டப்பாவா அள்ளுது, அதைக் கேக்க மாட்டியா? கண்ட பொறுக்கிங்களையெல்லாம் உள்ள விட்டு..."

"கண்டவங்களை விடலியே சார்," என்றார் காவலாளி. அவர் கிண்டல் தெரியாத மனிதர். அதுதான் அதில் விசேஷம். "பொறுக்கி ஒருத்தருக்குத்தான் சீட்டு இருக்கு, பதிவேட்டுல பாருங்க. உங்க சீட்டு நடைப்பயிற்சி. நீங்க நடக்கணும்."

தலைவர் நடந்தார். மூன்றாவது சுற்று நடக்கவில்லை என்று அக்கா சொன்னாள்.

அடுத்த வாரம் நான் அந்த அலுவலகத்துக்கு மறுபடி போனேன். பழக் காலத்தில் ஒருத்தி போதவில்லை, நீயும் ஒரு சீட்டு வாங்கு என்று அக்கா சொல்லியிருந்தாள். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர் வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தார். முறை வந்ததும் மேசை மேல் கவிழ்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"என் நடைப்பயிற்சிச் சீட்டு இருக்கு. அதோட கூட... இன்னொரு வகை இருக்காமே. பழம் எடுக்கறதுக்கு."

"எந்த வகைன்னு விண்ணப்பதாரர்தான் சொல்லணும் சார்," என்றார் எழுத்தர் அம்மா, விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு. "நானா எதையும் போட முடியாது. ஒரே வார்த்தையில சொல்லுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பறவைப் படத்தைப் பார்த்தேன். அவர் உதடு அசைந்தது.

"காதுல விழல சார். கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."